எலும்புக்கு ஐந்தாண்டுக் கணக்கு தெரியாது

நீண்ட பதிவு. புற்றுநோய் ஆய்வில் இருப்போரும், உயிரியல், மருத்துவம், பொதுச் சுகாதாரம் பயிலும் மாணவர்களும் இறுதிவரை வாசிக்க வேண்டுகிறேன். என் துறையைக் கடுமையாகவே பேசியிருக்கிறேன். அந்தத் துறையில் எனக்கும் ஓர் இருக்கை உண்டு என்பதை மறந்துவிட்டுப் பேசவில்லை.

அக்டோபர் பிறந்ததும் நம் பக்கங்களெல்லாம் இளஞ்சிவப்பாகிவிடுகின்றன. இவ்வாண்டு நான் மதிக்கும் ஆய்வாளர்கள் சிலரும் ஒரு சுவரொட்டியைப் பகிர்ந்திருந்தார்கள். ‘ஐந்தாண்டுகளைக் கடந்தேன், புற்றுநோயை வென்றேன்’ என்பது அதன் வாசகம். என்னையும் அதில் இணைத்து, ‘உன் துறையாயிற்றே, நீயும் பகிர்’ என்றார்கள். நான் பகிரவில்லை. ஏன் பகிரவில்லை என்று கேட்டவர்களுக்கான விடை இது.

மட்டாஞ்சேரியில் பிறந்து வளர்ந்தவள் நான். வீட்டில் தமிழ், தெருவில் மலையாளம், ஆய்வகத்தில் ஆங்கிலம் என்று நாளொன்றுக்கு மூன்று மொழிகளில் வாழும் கொச்சித் தமிழ்க் குடும்பம் எங்களுடையது. எங்கள் தெருவில் ஓர் அத்தை இருக்கிறார். இரத்த உறவில்லை, தெருவிலுள்ள பிள்ளைகள் அனைவருக்கும் அவர் அத்தை. திருநெல்வேலிப் பக்கத்திலிருந்து மணமாகி வந்தவர். பஜார் சாலைக் கிடங்குகளில் முப்பது ஆண்டுகள் சுக்குத் தரம் பிரித்தவர். 2016இல், 54ஆம் வயதில், அவருக்கு மார்பகப் புற்றுநோய் கண்டறியப்பட்டது. அறுவை, கீமோதெரபி, கதிர்வீச்சு, பிறகு ஐந்தாண்டு ஹார்மோன் மாத்திரை. ஒரு வேளை மாத்திரையைக்கூட அவர் தவறவிட்டதில்லை. 2021இல் மாத்திரை முடிந்த அன்று, ‘இனி பேடிக்கண்டா’ என்று மருத்துவமனையில் சொல்லியனுப்பினார்கள். அத்தை கோயிலில் பாயசம் வைத்துத் தெரு முழுவதற்கும் கொடுத்தார். நானும் குடித்தேன்.

2024இல் முதுகுவலி வந்தது. முப்பது ஆண்டுகள் குனிந்து வேலை செய்தவருக்கு முதுகு வலிக்காமல் இருக்குமா என்றார்கள். முதலில் குழம்பு தேய்த்து வெந்நீர் ஒத்தடம். பிறகு எலும்பு மருத்துவர், ஓர் எக்ஸ்ரே, கால்சியம் மாத்திரை, வலி மாத்திரை. படுத்தால் வலி கூடுகிறது, இரவில் உறக்கமில்லை என்று அவர் சொல்லியிருக்கிறார். நான்கு மாதங்களில் மூன்று மருத்துவர்களைப் பார்த்திருக்கிறார். ‘முன்பு எப்போதாவது மார்பில் அறுவை சிகிச்சை செய்துகொண்டீர்களா?’ என்று அவர்களில் ஒருவரும் கேட்கவில்லை. அவரும் சொல்லவில்லை. அது முடிந்த கதை என்று அவருக்குச் சொல்லப்பட்டிருந்தது. முடிந்த கதையை முதுகுவலி மருத்துவரிடம் ஏன் சொல்ல வேண்டும்?

ஒருநாள் காலையில் கட்டிலிலிருந்து இறங்கியபோது கால்கள் நிற்கவில்லை. எம்.ஆர்.ஐ. எடுத்தார்கள். ‘எல்லிலேக்குப் படர்ந்நு’ என்றார்கள். முதுகெலும்பு நொறுங்கித் தண்டுவடத்தை அழுத்திக்கொண்டிருந்தது.

மருத்துவமனையில் அவர் என் கையைப் பிடித்துக்கொண்டு கேட்டார்: “ஏளா, அஞ்சு வருசம் தாண்டியாச்சுன்னு சொன்னாவளே, பொறவு எப்படி வந்துச்சு? இது புதுசா எலும்புல வந்த நோயா?”

மார்பகப் புற்றுநோய் எலும்புக்குப் பரவுவதுதான் என் முனைவர்ப் பட்ட ஆய்வின் பொருள். அப்போது நான் மூன்றாம் ஆண்டு முடித்திருந்தேன். அத்தெருவில் அந்த வினாவுக்கு விடை தெரிந்த ஒரே ஆள் நான். அவருடைய நான்கு மாத முதுகுவலியைப் பற்றி என் அம்மா தொலைபேசியில் இருமுறை சொல்லியும் காதில் வாங்காத ஆளும் நானே. ஆகவே இப்பதிவில் குற்றம் சாட்டப்படுவோர் பட்டியலில் என் பெயரை முதலில் எழுதிவிட்டுத் தொடர்கிறேன்.

அத்தையின் இரண்டாம் வினாவுக்கு விடை எளிது. அது புதிய நோயன்று. எலும்பில் இருந்தவை மார்பகத்தின் செல்களே. எலும்பிலேயே தோன்றும் புற்றுநோய் வேறு. மார்பகத்திலிருந்து எலும்புக்குச் சென்ற புற்றுநோய் வேறு. பின்னதற்கு மார்பகப் புற்றுநோய்க்கான மருந்துகளே கொடுக்கப்படுகின்றன. முற்றிய மார்பகப் புற்றுநோயுள்ள பெண்களில் ஏறத்தாழ 70 விழுக்காட்டினருக்கு எலும்பில் பரவல் ஏற்படுகிறது. முதுகெலும்பு, இடுப்பெலும்பு, விலா, தொடையெலும்பின் மேற்பகுதி என்று செம்மஜ்ஜை நிறைந்த எலும்புகளே அதன் முதன்மை இடங்கள்.

முதல் வினா கடினமானது. அதற்கு விடை சொல்ல 1889க்குப் போக வேண்டும். இலண்டன் அறுவை மருத்துவர் ஸ்டீபன் பேஜட், மார்பகப் புற்றுநோயால் இறந்த 735 பெண்களின் பிணப்பரிசோதனைப் பதிவுகளைத் திரட்டி ‘லான்செட்’ இதழில் எழுதினார். 241 பேருக்குக் கல்லீரலில் பரவல் இருந்தது. மண்ணீரலில் வெறும் 17 பேருக்கே இருந்தது. இரத்தம் எங்கே அடித்துச் செல்கிறதோ அங்கே நோய் ஒதுங்குகிறது என்பது உண்மையானால், பெரிய தமனி பாயும் மண்ணீரல் இவ்வளவு தப்பித்திருக்கக் கூடாது. எனவே விதை எங்கும் சிதறுகிறது, ஏற்ற மண்ணில் மட்டும் முளைக்கிறது என்றார் அவர். அமெரிக்க நோயியலாளர் ஜேம்ஸ் யூயிங் இதை மறுத்து, எல்லாம் குழாய்களின் அமைப்பே என்று வாதிட்டார். 1940இல் பேட்சன், முதுகெலும்பைச் சுற்றியுள்ள வால்வுகளற்ற சிரைப் பின்னலைக் காட்டி, மார்பிலிருந்து முதுகெலும்புக்கு நேர்வழி இருப்பதை நிறுவினார். இன்று இரண்டும் உண்மை என்றே கொள்கிறோம்: வழியும் வேண்டும், மண்ணும் வேண்டும்.

பேஜட்டின் விதை–மண் உவமை இல்லாத கருத்தரங்கு உரையை நான் இதுவரை கேட்டதில்லை. முதல் ஸ்லைடில் அவர் படம், இரண்டாம் ஸ்லைடில் நம் மூலக்கூறு. ஆனால் அவர் அக்கட்டுரையில் வலியுறுத்தியது என்ன? விதையை ஆராயப் பலர் இருக்கிறார்கள், மண்ணையும் ஆராய வேண்டும் என்பதே. 135 ஆண்டுகளுக்குப் பிறகும் நாம் பெரும்பாலும் விதையையே ஆராய்ந்துகொண்டிருக்கிறோம். இதற்குப் பிறகு வருகிறேன்.

விதை எப்போது விழுகிறது? சுவரொட்டியைப் பகிர்ந்த நண்பர்கள் கவனிக்க வேண்டிய இடம் இதுவே. 2005இல் ‘நியூ இங்கிலாந்து ஜர்னல் ஆஃப் மெடிசின்’ இதழில் ஒன்பது ஆய்வுகளின் தரவுகள் தொகுக்கப்பட்டன. நோய் மார்பையும் கக்கத்தையும் தாண்டவில்லை என்று கருதப்பட்ட 4703 பெண்களின் எலும்பு மஜ்ஜையைச் சோதித்ததில் 30.6 விழுக்காட்டினரிடம் புற்றுச் செல்கள் ஏற்கெனவே இருந்தன. அதாவது முதன்முதலில் நோய் கண்டறியப்படும் நாளிலேயே ஏறத்தாழ மூவரில் ஒருவருக்கு விதை எலும்பை அடைந்துவிட்டது. அவர்கள் அனைவருக்கும் நோய் திரும்புவதில்லை என்பதையும் சேர்த்தே சொல்ல வேண்டும். பெரும்பாலான செல்கள் மடிகின்றன, சில உறங்குகின்றன, உறங்கியவற்றில் சில விழிக்கின்றன.

மஜ்ஜையின் தாங்கு செல்கள் சி.எக்ஸ்.சி.எல்.12 என்னும் புரதத்தைச் சுரக்கின்றன. இரத்தத்தை உண்டாக்கும் மூலச் செல்களைத் தம்மருகே இருத்திக்கொள்வதற்கான அழைப்பு அது. அந்த அழைப்பைக் கேட்கும் ஏற்பியான சி.எக்ஸ்.சி.ஆர்.4 மார்பகப் புற்றுச் செல்களிலும் மிகுந்திருப்பதை 2001இல் ‘நேச்சர்’ இதழில் வெளிவந்த ஆய்வு காட்டியது. அழைக்கப்படாத விருந்தாளி, அழைக்கப்பட்டவரின் இலையில் அமர்ந்துகொள்கிறது. அமர்ந்த பின் பிரியாமல், வளராமல், ஆண்டுக்கணக்கில் கிடக்கக்கூடும். பிரியும் செல்களைத் தாக்கும் கீமோதெரபி இதை எளிதில் தொடுவதில்லை.

விழித்தெழும்போது நடப்பது வேறு. புற்றுச் செல் எலும்பைத் தின்பதாகவே நம்மில் பலரும் நினைக்கிறோம். எலும்பைக் கரைப்பவை பெரும்பாலும் நம் உடலின் ஆஸ்டியோகிளாஸ்ட் செல்கள். நாள்தோறும் பழைய எலும்பைக் கரைத்துப் புதியதற்கு இடம் செய்வது அவற்றின் இயல்பான பணி. புற்றுச் செல் பி.டி.எச்.ஆர்.பி. என்னும் புரதத்தைச் சுரக்கிறது. அது எலும்பு கட்டும் ஆஸ்டியோபிளாஸ்ட் செல்களைத் தூண்டி, ‘ரேங்க் லிகண்ட்’ என்னும் மற்றொரு புரதத்தை மிகுவிக்கிறது. அதன் தூண்டுதலால் ஆஸ்டியோகிளாஸ்ட்கள் பெருகி அளவுக்கு மீறி எலும்பைக் கரைக்கின்றன. கரையும் எலும்பிலிருந்து, அதில் சேமித்து வைக்கப்பட்டிருந்த டி.ஜி.எஃப்.-பீட்டா முதலிய வளர்ச்சிக் காரணிகள் வெளியேறுகின்றன. அவற்றை உண்டு புற்றுச் செல் பெருகுகிறது. பெருகியதும் மேலும் பி.டி.எச்.ஆர்.பி. சுரக்கிறது. கிரிகரி மண்டி முதலியோர் நிறுவிய இந்த நச்சுச் சுழற்சியைத் தேர்வில் எழுதாத மாணவர் நம் துறையில் இல்லை. இச்சுழற்சியில் ஆண்டுகளை எண்ணும் கருவி எங்கே இருக்கிறது? ஐந்தாம் ஆண்டு நிறைவில் நின்றுபோக அதற்கு என்ன காரணம் உண்டு?

எண்களையே கேட்போம். ஈஸ்ட்ரோஜன் ஏற்பியுள்ள மார்பகப் புற்றுநோய் கண்டு, ஐந்தாண்டு ஹார்மோன் சிகிச்சை முடித்து, அதுவரை நோய் திரும்பாத 62,923 பெண்களின் வரலாறு 2017இல் ‘நியூ இங்கிலாந்து’ இதழில் வெளியானது. ஐந்தாம் ஆண்டுக்கும் இருபதாம் ஆண்டுக்கும் இடையில் நோய் பிற உறுப்புகளில் திரும்பும் வாய்ப்பு ஆண்டுதோறும் ஏறக்குறைய சீராகவே தொடர்ந்தது. கட்டி இரண்டு செ.மீ.க்குள் இருந்து, நிணநீர்க் கணு எதிலும் நோய் இல்லாதவர்களுக்கே 13 விழுக்காடு. கட்டி இரண்டிலிருந்து ஐந்து செ.மீ. வரை இருந்து, நான்கு முதல் ஒன்பது கணுக்களில் நோய் இருந்தவர்களுக்கு 41 விழுக்காடு. இவர்கள் பழைய சிகிச்சைக் காலத்தவர். இன்றைய சிகிச்சையில் இந்த எண்கள் குறைந்திருக்கலாம். சுழியாகியிருக்க முடியாது.

அத்தையின் கோப்பை அன்றிரவு நான் புரட்டிப் பார்த்தேன். 2016ஆம் ஆண்டு நோயியல் அறிக்கையில், கட்டி மூன்று செ.மீ., இரண்டு கணுக்களில் நோய், ஈஸ்ட்ரோஜன் ஏற்பி உண்டு என்று இருந்தது. மேற்சொன்ன ஆய்வில் அந்தப் பிரிவுக்கான எண் 26 விழுக்காடு. நால்வரில் ஒருவருக்கு நோய் திரும்பும் என்னும் செய்தி, பாயசம் வைத்த நாளிலேயே அந்தக் கோப்புக்குள் ஆங்கிலத்தில் இருந்தது. மலையாளத்தில் அவருக்குச் சொல்லப்பட்டது ‘பேடிக்கண்டா’ என்பது மட்டும். தமிழில் யாரும் எதுவும் சொல்லவில்லை.

இங்கே எழக்கூடிய மறுப்புகளை நான் அறிவேன்.

ஐந்தாண்டு என்பது புள்ளியியல் வசதிக்கான அளவு, அதை யாரும் ‘குணம்’ என்று சொல்லவில்லை என்பார்கள். கட்டுரையில் சொல்லவில்லை, உண்மை. இந்தியாவில் மார்பகப் புற்றுநோயின் ஐந்தாண்டு உயிர்வாழ்வு ஏறத்தாழ 66 விழுக்காடு என்று எழுதும்போது, ஐந்தாம் ஆண்டு முடிவில் உயிருடன் இருப்போர் என்றே பொருள்படுத்துகிறோம். எலும்பில் நோய் பரவிய நிலையில் உயிருடன் இருப்பவரும் அந்த 66இல் அடக்கம். ஆனால் ஆய்விதழின் சொல் சுவரொட்டிக்கு வரும்போது ‘வென்றேன்’ என்று ஆகிவிடுகிறது. அந்த மாற்றத்தைப் பார்த்தும் திருத்தாமல் பகிர்பவர் யார்? வேறுபாடு தெரிந்த நாம்தான்.

உண்மையைச் சொன்னால் பெண்கள் அஞ்சுவார்கள் என்பார்கள். அஞ்சட்டும் என்று நான் சொல்லவில்லை. புயல் எச்சரிக்கை கொடுத்தால் மீனவர் அஞ்சுவார் என்று நாம் வானிலை அறிக்கையை நிறுத்துவதில்லை. எதைக் கவனிக்க வேண்டும், எப்போது வர வேண்டும் என்று சேர்த்துச் சொன்னால் அது அச்சுறுத்தலாகாது. பல வாரங்கள் நீங்காத முதுகுவலி, படுத்தால் மிகும் வலி, இரவில் எழுப்பும் வலி, கால் மரத்துப்போதல், சிறுநீர் கழிப்பதில் திடீர் மாற்றம் – இவ்வளவே சொல்ல வேண்டியது. கடைசி இரண்டும் இருந்தால் அன்றைக்கே மருத்துவமனைக்குச் செல்ல வேண்டும். தண்டுவட அழுத்தத்தில், சிகிச்சை தொடங்கும் நேரத்தில் நடக்க முடிகிறவர்கள் பெரும்பாலும் தொடர்ந்து நடக்கிறார்கள். நடை நின்ற பிறகு வருவோரில் பலருக்கு அது திரும்புவதில்லை. ஐந்து வரிகள். மூன்று மொழிகளில் அச்சிட்டாலும் ஒரு அட்டையில் அடங்கும்.

அப்படியானால் எல்லாப் பெண்களுக்கும் ஆண்டுதோறும் ஸ்கேன் எடுக்கச் சொல்கிறாயா என்பார்கள். இல்லை. 1994இல் வெளிவந்த இரு இத்தாலியச் சோதனைகள், அறிகுறி இல்லாதவர்களுக்கு வழக்கமாக எலும்பு ஸ்கேனும் மார்பு எக்ஸ்ரேயும் எடுத்துக்கொண்டிருப்பதால் ஆயுள் கூடுவதில்லை என்று காட்டின. மருத்துவ வணிகர்கள் என் பதிவைக் காட்டித் தொகுப்புச் சோதனைகள் விற்கக் கூடாது. அறிகுறி இல்லாதவரைத் தேடித் தேடிச் சோதிப்பது வேறு. அறிகுறியோடு வந்து நிற்பவரிடம் ஒரு கேள்வி கேட்பது வேறு. பின்னதற்குச் செலவே இல்லை.

இனி நம் ஆய்வகங்களுக்கு வருகிறேன். மேற்சொன்னவற்றைவிட இது என்னை அதிகம் உறுத்துகிறது.

எலும்புப் பரவலை ஆராய நாம் என்ன செய்கிறோம்? 1973இல் ஹூஸ்டனில் ஒரு பெண்ணின் நுரையீரல் உறையில் தேங்கிய நீரிலிருந்து எடுத்து வளர்க்கப்பட்ட எம்.டி.ஏ.-எம்.பி.-231 என்னும் செல்வரிசையை வாங்குகிறோம். நோயெதிர்ப்பு குன்றிய, நான்கு முதல் ஆறு வார வயதுள்ள எலியின் இடது இதயவறைக்குள் அதைச் செலுத்துகிறோம். சில வாரங்களில் எலும்பில் ஓட்டைகள் தெரிகின்றன. நம் மூலக்கூறைத் தடுத்தால் ஓட்டைகள் குறைகின்றன. கட்டுரை எழுதுகிறோம். மூன்று ஆண்டுகளாக நான் செய்துவந்ததும் இதுவே.

இந்த மாதிரியால் பயனில்லை என்று நான் சொல்லவில்லை. நச்சுச் சுழற்சியின் பெரும்பகுதியை நாம் இதன் வழியாகவே அறிந்தோம். 2003இல் யிபின் காங், யோவான் மஸ்ஸாகே குழு இச்செல்வரிசையிலிருந்தே எலும்பை நாடும் செல்களைப் பிரித்து அவற்றின் மரபணுத் தொகுதியை இனங்கண்டது. ஆனால் அந்த மாதிரியில் அத்தை எங்கே இருக்கிறார்? அவருடைய நோயில் ஈஸ்ட்ரோஜன் ஏற்பி இருந்தது; இந்தச் செல்லில் அது இல்லை. அவர் மாதவிடாய் நின்றவர், எலும்பு தேயத் தொடங்கியவர். எலியோ எலும்பு இன்னும் வளர்ந்துகொண்டிருக்கும் இளங்குருத்து. அவருடைய செல்கள் மார்பிலிருந்து புறப்பட்டு, எலும்பை அடைந்து, எட்டு ஆண்டுகள் கிடந்து விழித்தவை. நாமோ புறப்பாட்டையும் உறக்கத்தையும் ஒருசேர ஊசியால் தாண்டிவிடுகிறோம். அவரைக் கொல்லவிருந்தது அந்த எட்டு ஆண்டுகளில் நடந்த ஏதோ ஒன்று. நம் சோதனையில் அந்த எட்டு ஆண்டுகள் இல்லவே இல்லை.

இந்தியாவில் மூன்று ஏற்பிகளும் இல்லாத மும்மறை வகை மேலைநாடுகளைவிட அதிகம், ஆகவே மும்மறைச் செல்வரிசை நமக்குப் பொருத்தமே என்று ஒரு பேராசிரியர் எனக்கு விடையளித்தார். முதற்பாதி சரி. ஆனால் மும்மறை வகை பெரும்பாலும் முதல் சில ஆண்டுகளுக்குள், நுரையீரலையும் மூளையையும் அதிகம் நாடுவது. எலும்பு முதன்மையாக ஈஸ்ட்ரோஜன் ஏற்பியுள்ள நோயின் வீடு. நுரையீரலை நாடும் வகைச் செல்லை எலும்புக்குள் தள்ளிவிட்டு, எலும்புப் பரவலை ஆராய்கிறோம் என்று சொல்வது, ஆலப்புழைக்குப் போக வேண்டியவரை ஆலுவா பேருந்தில் ஏற்றிவிட்டு வழியை ஆராய்வதற்கு ஒப்பானது.

ஏன் இதைச் செய்கிறோம் என்பதும் தெரிந்ததே. ஏற்பியுள்ள எம்.சி.எஃப்.-7 செல்வரிசை எலியில் எளிதில் பரவுவதில்லை; அதற்கு ஈஸ்ட்ரோஜன் கொடுத்தாக வேண்டும்; அப்படிக் கொடுத்தால் ஈஸ்ட்ரோஜனே எலியின் எலும்பை மாற்றிக் குழப்புகிறது. உறக்கத்தை ஆராய மாதங்கள் வேண்டும், சில வேளைகளில் ஒன்றும் நிகழாமலும் போகும். ஐந்தாண்டு உதவித்தொகையில் முனைவர்ப் பட்டம் முடிக்க வேண்டிய மாணவருக்கு ‘ஒன்றும் நிகழவில்லை’ என்னும் முடிவு தற்கொலைக்குச் சமம். ஆகவே விரைவாக விடை தரும் செல்லைத் தேர்ந்துகொள்கிறோம். நம் பட்டத்துக்கும் ஐந்தாண்டுக் கணக்கு, நோயாளியின் வெற்றிக்கும் ஐந்தாண்டுக் கணக்கு. இரண்டையும் நிர்ணயித்தது எலும்பு அன்று.

மண்ணை மாற்றினால் விளைச்சல் மாறும் என்பதற்குச் சான்று நம் கையிலேயே இருக்கிறது. ஸோலெட்ரோனிக் அமிலம் முதலிய பிஸ்பாஸ்போனேட் மருந்துகள் ஆஸ்டியோகிளாஸ்ட்களை அடக்குபவை, மண்ணைத் தொடுபவை. 26 சோதனைகளில் பங்கேற்ற 18,766 பெண்களின் தொகுப்பாய்வு 2015இல் ‘லான்செட்’ இதழில் வெளியானது. மாதவிடாய் நின்ற பெண்களில், தொடக்க நிலை நோய்க்கான சிகிச்சையோடு இம்மருந்தைச் சேர்த்தபோது பத்தாண்டுகளில் மார்பகப் புற்றுநோய் மரணம் 18.0 விழுக்காட்டிலிருந்து 14.7 ஆகக் குறைந்தது. மாயமன்று; ஆனால் நூறு பேரில் மூவருக்கு மேல். மாதவிடாய் நிற்காதவர்களுக்கு அப்பயன் தெளிவாகத் தெரியவில்லை. மண்ணின் நிலை முக்கியம் என்பதை இதைவிட எப்படிச் சொல்வது? 2017இல் அமெரிக்க மருத்துவப் புற்றியல் சங்கமும் ஒன்டாரியோவின் அமைப்பும் சேர்ந்து, இத்தகைய பெண்களுக்கு இதைப் பரிசீலிக்குமாறு வழிகாட்டின: ஆறு மாதங்களுக்கு ஒரு முறை ஓர் ஊசி, மூன்றாண்டுகள். இந்தியாவிலேயே பல நிறுவனங்கள் தயாரிக்கும் பழைய மருந்து இது. தாடையெலும்பு நலிவு, சிறுநீரகப் பாதிப்பு போன்ற இடர்கள் உண்டு. யாருக்குத் தருவது என்பதை மருத்துவரே முடிவு செய்ய வேண்டும். அத்தைக்கு வேண்டாம் என்று யாரும் முடிவு செய்யவில்லை. அந்தப் பேச்சே எழவில்லை.

ஒவ்வொரு கருத்தரங்கிலும் புதிய மூலக்கூறு ஒன்றை அறிவிக்கும் நாம், கண்டறியப்பட்ட ஒன்று மட்டாஞ்சேரிவரை ஏன் வரவில்லை என்று ஒரு முறையாவது அமர்வு வைத்திருக்கிறோமா?

கடைசியாக எண்ணிக்கை. 2022ஆம் ஆண்டுக்கான குளோபோகான் மதிப்பீட்டின்படி இந்தியாவில் புதிதாக ஏறத்தாழ 1.92 லட்சம் பேருக்கு மார்பகப் புற்றுநோய். மரணம் ஏறத்தாழ 98 ஆயிரம். இவ்விரு எண்களுக்கும் நடுவே, நோய் எலும்பிலோ நுரையீரலிலோ கல்லீரலிலோ பரவிய நிலையில் வாழ்கிறவர்கள் எத்தனை பேர்? மக்கள்தொகைசார் பதிவகங்கள் நோய் முதலில் கண்டறியப்பட்டதையும் மரணத்தையும் பதிவு செய்கின்றன; நோயின் மீள்வருகையை வழக்கமாகப் பதிவு செய்வதில்லை. இது இந்தியாவின் குறை மட்டுமன்று. அமெரிக்காவிலும் நேரடியாக எண்ணவில்லை. 2017இல் கணித முறையால் மதிப்பிட்டு, ஒன்றரை லட்சத்துக்கும் மேற்பட்ட பெண்கள் அந்நிலையில் வாழ்கிறார்கள், அவர்களில் நால்வரில் மூவர் தொடக்க நிலையில் கண்டறியப்பட்டுப் பின்னர் நோய் திரும்பியவர்கள் என்றார்கள். 2016இல் அத்தை ஓர் எண்ணாக இருந்தார். இறக்கும்போது மீண்டும் ஓர் எண்ணாவார். இடைப்பட்ட இந்த ஆண்டுகளில் அவர் எந்தக் கணக்கிலும் இல்லை. எண்ணப்படாதவருக்காகத் திட்டமும் தீட்டப்படுவதில்லை.

வலி தணிப்பில் கேரளம் நாட்டுக்கே வழிகாட்டியது. 1993இல் கோழிக்கோட்டில் ராஜகோபால் முதலியோர் தொடங்கிய இயக்கம், 2008இல் மாநில அரசின் கொள்கையாக வளர்ந்தது. படுக்கையில் விழுந்த நோயாளியின் வீட்டுக்குச் செவிலியர் வரும் ஏற்பாடு இங்கே இருக்கிறது. அத்தையின் வீட்டுக்கும் வருகிறார்கள். அதற்கு நான் நன்றியுடையவள். ஆனால் படுக்கையில் விழுந்த பின்பு வந்து சேரும் அந்த நேர்த்தியான வலை, விழுவதற்கு முந்தைய நான்கு மாதங்களில் அவரைத் தாங்கவில்லை. வீடு வீடாகச் செல்லும் அதே ஆஷா பணியாளர்கள், ‘முன்பு புற்றுநோய்ச் சிகிச்சை பெற்றீர்களா? இப்போது நீங்காத வலி ஏதும் உண்டா?’ என்று இரு கேள்விகள் கேட்டால் போதும்.

ஆகவே நான் கேட்பவை இவை.

ஒன்று. ‘ஐந்தாண்டு வெற்றி’ என்னும் வாசகத்தை ஆய்வாளர்களும் மருத்துவ மாணவர்களும் பகிர வேண்டாம். பகிர்வோரைத் திருத்துங்கள்.

இரண்டு. ஹார்மோன் சிகிச்சை முடியும் நாளில், எந்த அறிகுறிக்கு எப்போது வர வேண்டும் என்னும் ஓர் அட்டை, நோயாளி வாசிக்கும் மொழியில் அவர் கையில் கொடுக்கப்பட வேண்டும். கொச்சியில் அது மலையாளம் மட்டுமன்று.

மூன்று. முதுகுவலியோடு வரும் நடுவயதைக் கடந்த ஒவ்வொரு பெண்ணிடமும் பழைய புற்றுநோய் பற்றி ஒரு கேள்வி. மருத்துவ மாணவர்களே, இது தேர்வில் வராது, மறவாதீர்கள்.

நான்கு. எலும்புப் பரவல் குறித்த ஆய்வு முன்மொழிவுகளை மதிப்பிடுவோர், ‘உங்கள் மாதிரி எந்தப் பெண்ணின் நோயைக் குறிக்கிறது?’ என்று எழுத்தில் கேட்க வேண்டும். உறக்க நிலையை ஆராய்பவருக்குக் கூடுதல் காலம் தர வேண்டும்.

ஐந்து. நம் பதிவகங்களில் ஒன்றிலேனும், ஒரு மாவட்டத்திலேனும், மீள்வருகையைப் பதிவு செய்யத் தொடங்க வேண்டும்.

என் ஆய்வின் எஞ்சிய பகுதியை மாற்றிக்கொள்ள வழிகாட்டியிடம் அனுமதி கேட்டிருக்கிறேன். முடிக்க ஓராண்டு கூடும். கிடைக்குமா என்று தெரியவில்லை.

அத்தை இருக்கிறார். முதுகெலும்பில் அறுவையும் கதிர்வீச்சும் முடிந்து, இப்போது மாத்திரையும் மாதந்தோறும் எலும்புக்கான ஊசியுமாக நாட்கள் போகின்றன. வாக்கர் பிடித்து வாசல்வரை நடக்கிறார். மட்டாஞ்சேரியிலிருந்து மருத்துவமனைக்குப் போகும் வழியில் எத்தனை வேகத்தடைகள் என்று அவருக்குத் துல்லியமாகத் தெரியும். ஒவ்வொன்றும் முதுகில் இறங்குகிறது. சென்ற வாரம் அவரிடம் நடந்ததையெல்லாம் தமிழில் விளக்கிச் சொன்னேன்: விதை அன்றே போயிருக்கலாம் என்பதையும், உறங்கியதையும், எலும்பைக் கரைப்பது அவருடைய செல்களே என்பதையும். முக்கால் மணி நேரம் ஆயிற்று. எல்லாவற்றையும் கேட்டுவிட்டு, “இதை அன்னைக்கே சொல்லியிருந்தா நான் முதுகு வலிச்ச மறுநாளே போயிருப்பேனே” என்றார். குறையாகச் சொல்லவில்லை. விலை தெரியாமல் ஏமாந்த பொருளைப் பற்றிச் சொல்வதுபோலச் சொன்னார்.

முனைவர்ப் பட்ட வாய்மொழித் தேர்வில் என்னிடம் கேட்கப்படவிருக்கும் எந்தக் கேள்விக்கும் நான் அஞ்சவில்லை. அந்த வாக்கியத்துக்கு மட்டும் என்னிடம் விடையில்லை. சுவரொட்டியைப் பகிர்ந்தவர்களிடம் இருந்தால் சொல்லுங்கள்.